கட்-ஆஃப்: குளிர்சாதனம் நின்று ஓடப் பழகிய வரலாறு

வீட்டு ஏசியின் கம்ப்ரசர் நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. அறை குளிர்ந்ததும் நிற்கிறது. வெப்பம் சற்று ஏறியதும் மறுபடி ஓடுகிறது. ஏசி மெக்கானிக்குகள் இதைக் ‘கட்-ஆஃப்’ என்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு நிமிடம் ஓடி நின்று, சற்று நேரத்தில் மறுபடி உறுமி, மறுபடி நின்றால் எங்கோ கோளாறு. நிற்பது குற்றமில்லை, நிற்பதற்கும் ஓடுவதற்கும் இடையே உள்ள கால அளவுதான் நோயைச் சொல்லும். வெப்பத்தையும் குளிரையும் ஆளும் இயந்திரங்கள் எல்லாக் காலத்திலும் இப்படி நின்று ஓடியவை அல்ல. அந்தப் பழக்கம் 1880களில் வந்தது. அதைக் கட்டுக்குள் வைக்க நூறு ஆண்டுக் காலம் பலர் பாடுபட்டார்கள். இன்றைய ஏசியில் அடிக்கடி கட்-ஆஃப் ஆவதற்குக் காரணமாகும் பாகங்களில் பல, அந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகவே ஒரு காலத்தில் சேர்க்கப்பட்டவை.

வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அடுப்பை முதலில் செய்தவர் டச்சுக்காரரான கொர்னேலிஸ் டிரெபெல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவில் வாழ்ந்தவர் அவர். முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றுக்குக் கீழே அடுப்பு மூட்டி, பெட்டிக்குள் சாராயம் நிரப்பிய குழாயை வைத்தார். சூடு கூடினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலை உயர்த்தும். கோல் அடுப்பின் காற்றுவாயை மூடும். சூடு தணிந்தால் காற்றுவாய் திறக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த மூடி பட்டென்று மூடவும் இல்லை, பட்டென்று திறக்கவும் இல்லை என்பது. சூடு எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு மூடியது. அடுப்பு அணையாமல் தணிந்து எரிந்தது. சமையற்கட்டில் பால் பொங்கும் நேரத்தில் அடுப்பைக் குறைக்கிற கை செய்யும் வேலையை அந்தக் குழாய் செய்தது.

‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயரைக் கொடுத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். 1830இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் இரண்டு உலோகப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெப்பத்தில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நீளுவதால் பட்டை வளையும். ஈருலோகப் பட்டையின் இந்தக் குணத்தைக் கடல் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் 18ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தியிருந்தார். யூர் அதை நூற்பாலைகளின் வெப்பத்தை ஆளும் வேலைக்குக் கொண்டுவந்தார். அவருடைய கருவியும் வளைந்த அளவுக்கு வால்வைத் திறந்து மூடுவதுதான். கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்ற படிநிலை அதில் இருந்தது.

மின்சாரம் வந்ததும் அந்தப் படிநிலை போயிற்று. மின்தொடர்பு ஒன்று சேர்ந்திருக்கும் அல்லது பிரிந்திருக்கும். பாதி சேர்வது என்பது அதற்கு இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் பேராசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் கட்டடக் காவலாளி அறை அறையாக வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் வெப்பத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ வழக்கம். ஒவ்வொரு முறையும் பாடம் தடைப்பட்டது. ஜான்சன் அறையில் ஈருலோகப் பட்டையை வைத்து, கீழ்த்தளத்து உலை அறையில் மணி அடிக்கும்படி கம்பி இழுத்தார். 1883இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885இல் மில்வாக்கியில் அவர் பெயரில் நிறுவனம் தொடங்கியது. அதே 1885இல் மின்னியாபொலிஸ் நகரில், சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆல்பர்ட் பட்ஸ், மணியையும் காவலாளியையும் சேர்த்தே நீக்கினார். அறையில் தொடர்பு சேர்ந்தால் கீழே சிறு மோட்டார் அரைச் சுற்றுச் சுற்றி நிலக்கரி உலையின் காற்றுவாயைத் திறக்கும்; பிரிந்தால் மறு அரைச் சுற்றில் மூடும். முழுதாகத் திறப்பு, முழுதாக மூடல். வீட்டுக் கருவிகளில் ஆன்-ஆஃப் ஆட்சி இந்த அரைச் சுற்றில் தொடங்கியது. பட்ஸ் தொடங்கிய நிறுவனம் பல கைகள் மாறி, 1927இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்தோடு இணைந்து பெருநிறுவனமாயிற்று.

ஜான்சன் பின்னாளில் வேறு வழியில் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அழுத்திய காற்றால் வால்வுகளை அசைக்கும் முறைக்கு அவர் 1895இல் காப்புரிமை பெற்றார். காற்றழுத்தம் சிறிது கூடினால் வால்வு சிறிது மூடும். பெரிய அலுவலகங்களும் மருத்துவமனைகளும் இந்தப் படிநிலை முறையைத் தொடர்ந்து வைத்துக்கொண்டன. விலை மலிவு என்பதால் வீடுகளுக்கு ஆன்-ஆஃப் வந்து சேர்ந்தது. அடிக்கடி நின்று ஓடும் தொல்லை பெரும்பாலும் வீட்டுத் தொல்லையாகவே இருந்துவருவதன் வேர் இங்கே இருக்கிறது.

இதுவரை வந்தவை எல்லாம் சூட்டின் கதை. குளிர் இயந்திரம் வேறு ஒரு தேவையிலிருந்து பிறந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். வண்ணப் படங்களை ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறமாக அச்சிட வேண்டும். கோடைக்காற்றின் ஈரத்தில் தாள் விரிந்தும் உலர்ந்த நாளில் சுருங்கியும் நிறங்கள் விலகிப்போயின. 1902 ஜூலையில் 25 வயதான வில்லிஸ் கேரியர் இதற்காக வரைந்து கொடுத்த அமைப்புதான் நவீன ஏசியின் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. ஆண்டு முழுதும் காற்றின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் வைப்பதே அதன் இலக்கு. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்று பட்டால் அதிலுள்ள ஈரம் துளியாகி வடியும் என்பதே அடிப்படை. 1906இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லை உருவாக்கிய ஸ்டூவர்ட் கிராமரும் துணியாலைகளின் ஈரப்பதத்தைப் பற்றித்தான் பேசினார். குளிர்சாதனத்தின் முதல் வேலை ஈரத்தை ஆள்வது. அடிக்கடி கட்-ஆஃப் ஆகும் ஏசி முதலில் தவறவிடுவதும் அந்த வேலையைத்தான்.

வீட்டுக்குள் முதன்முதலில் ஏசி நுழைந்ததும் மின்னியாபொலிஸில்தான். 1914இல் சார்லஸ் கேட்ஸ் என்பவரின் மாளிகையில் பொருத்தப்பட்ட அந்த இயந்திரம் 7 அடி உயரமும் 6 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்டது. அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். 1929இல் ஃப்ரிஜிடெய்ர் நிறுவனம் அறைக்கான சிறிய குளிர்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் கம்ப்ரசர் தனியாக நிலவறையில் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஓடிய கந்தக டைஆக்சைடு கசிந்தால் மூச்சு முட்டும். 1930இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினரின் ஃப்ரியான் வந்த பிறகே நச்சுப் பயமில்லாமல் அறைக்குள் இயந்திரத்தை வைக்க முடிந்தது. அந்த வாயு வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது தெரியவர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உலையை ஆள்வதற்கும் கம்ப்ரசரை ஆள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உலையின் காற்றுவாயைப் பாதி மூடலாம். கம்ப்ரசரைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தையோ மின்வழங்கலின் அதிர்வெண் தீர்மானிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். பாதி வேகத்தில் ஓடு என்றால் அதற்குத் தெரியாது. ஆகவே அறைக்குப் பாதிக் குளிர் போதும் என்ற நேரத்திலும் முழு வேகத்தில் ஓடிப் பாதி நேரம் நிற்பது தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று. நிற்பது எளிது. மறுபடி கிளம்புவதுதான் கம்ப்ரசருக்குப் பாடு. கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், சுருள்கம்பி சூடேறும். அடியில் தேங்கிய எண்ணெய் நுரைத்து வாயுவோடு வெளியேறும். அது குழாயெல்லாம் சுற்றித் திரும்பி வர நேரம் பிடிக்கும். திரும்புவதற்குள் நின்று, மறுபடி கிளம்பினால் தாங்கிகள் எண்ணெய் போதாமல் தேயும். ஒரு கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு எத்தனை முறை கிளம்பியது என்பதும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இதனால்தான்.

முதல் தொல்லை மின்தொடர்பிலேயே வந்தது. ஈருலோகப் பட்டை மெல்ல மெல்ல வளைவது. தொடும் தொடாத நிலையில் தீப்பொறி பறந்து முனைகள் கருகின, சிலசமயம் ஒட்டிக்கொண்டன, தொடர்பு படபடவென்று சேர்ந்தும் பிரிந்தும் ஆடியது. இதற்கு அழகான தீர்வு அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து வந்தது. ஜான் ஸ்பென்சர் இளம் வயதில் மரம் எரிக்கும் கொதிகலன் ஒன்றைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். சூடேறும்போது உலைக்கதவின் இரும்புத் தகடு ‘டக்’ என்ற ஓசையோடு வெளிப்பக்கம் புடைப்பதையும், ஆறும்போது அதேபோல் உள்வாங்குவதையும் அவர் கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பிலிருந்து, கிண்ணம்போல் சற்றுக் குழிந்த ஈருலோக வட்டத் தகட்டை 1920களில் உருவாக்கினார். குறித்த வெப்பத்தில் தகடு ஒரே நொடியில் மறுபக்கம் புரளும், இடைநிலை கிடையாது. ‘க்ளிக்ஸான்’ என்ற பெயரில் இது முதலில் இஸ்திரிப் பெட்டிகளுக்கும், பின்னர் மோட்டார் பாதுகாப்புக்கும் போயிற்று. கம்ப்ரசரின் தலையில் ஒட்டியிருக்கும் ‘ஓவர்லோடு’ இந்தக் குடும்பத்தில் பிறந்தது. மோட்டார் அதிகச் சூடானால் அது புரண்டு மின்சாரத்தை வெட்டும். ஆறியதும் தானே சேர்க்கும். காரணம் தீராதவரை அது வெட்டுவதும் சேர்ப்பதும் தொடரும். இந்த வகைக் கட்-ஆஃபில் அறை குளிர்ந்திருக்காது. நோயைப் பிரித்தறிய அதுவே முதல் தடயம்: அறை குளிர்ந்து நிற்கிறதா, குளிராமலே நிற்கிறதா?

இரண்டாவது தொல்லை அழுத்தத்தில். கம்ப்ரசர் நின்ற கணத்தில் ஒரு பக்கம் வாயு மிகுந்த அழுத்தத்திலும் மறுபக்கம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கும். இரண்டும் மெல்லிய கேப்பிலரிக் குழாய் வழியாகச் சமமாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி கிளப்பினால் ஒற்றைக்கட்ட மோட்டாருக்கு அந்தச் சுமையைத் தள்ளும் வலு இருப்பதில்லை; உறுமும், அசையாது, ஓவர்லோடு வெட்டும். மோட்டாருக்குக் கிளம்பும் உந்துதலைத் தரும் கெப்பாசிட்டர் வலுவிழந்தாலும் இதே உறுமல்தான் கேட்கும். நின்றபின் மூன்று நிமிடம் காத்திருக்க வைக்கும் ‘டைம் டிலே’ ஏற்பாடு இதற்காகவே ஏசிக்குள் வந்தது. ரிமோட்டில் பொத்தானை அழுத்தியும் வெளியே இருக்கும் யூனிட் உடனே ஓடவில்லையே என்று பலர் கோளாறாக நினைக்கும் அந்த மூன்று நிமிடம், கம்ப்ரசருக்குக் கிடைத்த மிக நல்ல காவல்.

மூன்றாவது தொல்லை நுட்பமானது. அறையின் வெப்பம் மாறியதும் தெர்மோஸ்டாட்டுக்கு அது உடனே தெரிவதில்லை. அது உணர்ந்து நிறுத்துவதற்குள் அறை தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். உணர்ந்து ஓட்டுவதற்குள் தேவைக்கு மேல் சூடாகிவிடும். இயந்திரங்களின் இத்தகைய ஊசலாட்டத்தைக் கணிதமாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். நீராவி இயந்திரங்களின் வேகத்தை ஆளும் கருவிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1868இல் வெளியானது. வீட்டுத் தெர்மோஸ்டாட் செய்தவர்கள் கண்ட வழி எளிது. கருவிக்குள் ஒரு நுண்ணிய சூடேற்றும் கம்பியை வைத்தார்கள். ஏசி நின்றிருக்கும் நேரத்தில் அந்தக் கம்பி ஈருலோகப் பட்டையைச் சற்றுச் சூடாக்கும். அறை வெப்பம் உண்மையில் ஏறுமுன்னே தெர்மோஸ்டாட் ஏசியை அழைக்கும். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து 1953இல் ஹனிவெல் வெளியிட்ட வட்டத் தெர்மோஸ்டாட்டில் இந்த ‘முன்னுணர்வுக் கம்பி’யும், கண்ணாடிக் குமிழுக்குள் உருளும் பாதரசத் துளியும், சுருள் பட்டையும் ஒன்றாக அமர்ந்தன. அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலாகச் சுவரேறிய கருவி அது.

இந்தக் கம்பி ஓட்ட நேரத்தை வேண்டுமென்றே குறுக்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம். மனிதருக்குச் சுகம் வேண்டுமானால் இடைவெளி குறுக வேண்டும். கம்ப்ரசர் நீடிக்க வேண்டுமானால் இடைவெளி நீள வேண்டும். தெர்மோஸ்டாட் செய்கிறவர் ஒரு பக்கம் இழுத்தார், கம்ப்ரசர் செய்கிறவர் மறுபக்கம் இழுத்தார். நிற்கும் வெப்பத்துக்கும் ஓடும் வெப்பத்துக்கும் இடையே எத்தனை டிகிரி விடுவது என்பது இந்த இழுபறியில் கிடைத்த சமரசம். அந்த இடைவெளி குறைந்துபோனால் எந்தப் பாகமும் கெடாமலே ஏசி ஓயாமல் நின்று ஓடும்.

இந்தியாவில் இந்தத் தொழில் பழுதுபார்ப்பில் தொடங்கியது பொருத்தமே. 1943இல் மோகன் அத்வானி தொடங்கிய புளூ ஸ்டார், பழைய ஏசிகளையும் குளிர்பெட்டிகளையும் சீர்செய்து கொடுக்கும் சிறு நிறுவனம். 1954இல் டாடாவும் சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் பிரதர்ஸும் சேர்ந்து வோல்டாஸை நிறுவின. அந்தக் காலத்து ஜன்னல் ஏசியில் டிகிரி காட்டும் திரை இல்லை. எண்கள் பொறித்த திருகு ஒன்று. அதிலிருந்து மெல்லிய செப்புக்குழாய் நீண்டு, முனையில் உள்ள குமிழ், குளிர்ந்த குழாய்ச் சுருளான கூலிங் காயிலின் முன்னே, அறைக்காற்று உள்ளே நுழையும் இடத்தில் கிளிப்பில் நிற்கும். ஃபில்டரைக் கழுவும்போது கிளிப் நழுவி அந்தக் குமிழ் காயிலைத் தொட்டுவிட்டால், அறையின் வெப்பத்துக்குப் பதிலாகக் காயிலின் குளிரை உணர்ந்து ஏசி இரண்டொரு நிமிடத்தில் நின்றுவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் முன்மூடியைக் கழற்றியதும் முதலில் தேடுவது இந்தக் குமிழைத்தான்.

மின்னழுத்தம் ஏறி இறங்குவது நம் பக்கத்துக்கே உரிய தனித் தொல்லை. கோடை மாலையில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் வெகுவாகத் தாழ்ந்துவிடும். தாழ்ந்த அழுத்தத்தில் மோட்டார் கிளம்ப முடியாமல் ஓவர்லோடு வெட்டும். மின்தடை வந்து உடனே திரும்பினால், அழுத்தம் சமமாகாத கம்ப்ரசர் அதே சிக்கலில் மாட்டும். ஏசி என்றாலே கூடவே ஸ்டெபிலைசர் என்ற வழக்கம் இப்படித்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வேரூன்றியது. கொச்சியில் வி-கார்டு நிறுவனம் 1977இல் ஸ்டெபிலைசர் செய்வதற்காகவே பிறந்தது. ஸ்டெபிலைசரின் உள்ளே அதே மூன்று நிமிடக் காத்திருப்பு இருக்கிறது. ஆனால் ஸ்டெபிலைசரே அடிக்கடி வெட்டிச் சேர்ப்பதும் உண்டு. அப்போது ஏசியைக் கழற்றிப் பயனில்லை, மின் இணைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஜன்னல் ஏசி இரண்டாகப் பிரிந்து ஸ்பிளிட் ஏசியானது ஜப்பானில்; டோஷிபா 1961இல் அந்த வகையை வெளியிட்டது. செப்புக்குழாய்க் குமிழின் இடத்துக்குத் தெர்மிஸ்டர் என்னும் சிறு சென்சர் வந்தது. சூடேறினால் மின்தடை குறையும் பொருள்களைப் பற்றி 1833இலேயே மைக்கேல் ஃபாரடே எழுதியிருந்தார். நூற்றாண்டு கழித்து அது பயனுக்கு வந்தது. சென்சர் பழுதானால் அது ஏசியின் மின்னணுப் பலகையான பிசிபிக்குத் தவறான வெப்பநிலையைச் சொல்லும். ஏசி அதை நம்பி நிற்கும். உள் யூனிட்டுக்கு மிக அருகே மேற்கூரையோ, பரணோ, திரையோ இருந்தால் வெளிவரும் குளிர்காற்று சுழன்று உடனே உள்ளே இழுக்கப்படும். சென்சர் நல்ல நிலையில் இருந்தும் அறை குளிர்ந்ததாக ஏமாறும். உள் யூனிட்டில் இருக்கும் இரண்டு சென்சர்களில் ஒன்று அறைக்காற்றை உணர, மற்றது காயிலைக் காவல் காக்கிறது. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைந்தாலும், கேஸ் குறைந்தாலும் காயிலில் பனி படியும். அந்தச் சென்சர் கம்ப்ரசரை நிறுத்தும். பனி உருகியதும் மறுபடி ஓடும்.

கேஸ் பற்றி ஒன்று அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். ஏசிக்குள் கேஸ் செலவாவதில்லை. மூடிய சுற்றில் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது தவறான வழக்கம். காசும் வீண், காற்றும் மாசு. வெளி யூனிட்டைக் காற்றோட்டமில்லாத சந்தில் மாட்டுவதும் அவ்வளவே தவறு. வெளி யூனிட்டில் உள்ள கண்டன்சர், தான் வெளியேற்றிய சூட்டையே மறுபடி இழுத்தால் அழுத்தம் ஏறி, மின்னோட்டம் ஏறி, ஓவர்லோடு வெட்டும். அடுக்குமாடிகளின் பின்புறச் சந்துகளில் ஐந்தாறு யூனிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூச்சுவிடும் காட்சி சென்னையில் சாதாரணம். நண்பகலில் மட்டும் கட்-ஆஃப் ஆகும் ஏசிகளின் இருப்பிடம் அதுவே.

இத்தனை பாகங்களும் நல்ல நிலையில் இருந்தும் அடிக்கடி நிற்கும் ஏசி ஒன்று உண்டு. அது அறைக்குப் பெரிதான ஏசி. இதைப் புரிந்துகொள்ள ‘டன்’ என்ற அளவின் பிறப்பைப் பார்க்க வேண்டும். இயந்திரக் குளிர் வருமுன் உலகம் பனிக்கட்டியைத்தான் வாங்கியது. பாஸ்டனின் ஃபிரடெரிக் டியூடர் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார். கரை சேர்ந்தது சுமார் 100 டன். சென்னைக் கடற்கரையில் 1840களில் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்தின் கிடங்கு. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டியின் இடத்தில் இயந்திரம் வந்தபோது, இந்த இயந்திரம் எவ்வளவு பனிக்கட்டிக்குச் சமம் என்று கேட்பதே இயல்பாக இருந்தது. 2,000 பவுண்டு எடையுள்ள ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பமே ஒரு டன் குளிர். மணிக்கு 12,000 பிடியூ (பிரிட்டிஷ் வெப்ப அலகு), சுமார் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏசியின் எடை ஒன்றரை டன் என்று எவரும் நினைப்பதில்லை; ஆனால் அந்த எண் நாள் முழுதும் உருகும் பனிப்பாறையைக் குறிக்கிறது என்பதும் மறந்துபோயிற்று.

மறந்ததால் வந்த விளைவு, டன் கூடினால் நல்லது என்ற எண்ணம். நூறு சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் மாட்டினால் காற்று மளமளவென்று குளிரும், சென்சர் நிறைவடையும், கம்ப்ரசர் நிற்கும். ஆனால் சுவரும் கட்டிலும் மெத்தையும் இன்னும் சூட்டைத் தாங்கியிருக்கும். சில நிமிடங்களில் காற்று மறுபடி சூடாகும். ஈரம் அதைவிட மோசம். ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் காயில் நனைகிறதே தவிர, நீர் வடிகுழாய்க்குப் போய்ச் சேர்வதில்லை. வடியத் தொடங்குமுன் கம்ப்ரசர் நின்று விசிறி மட்டும் ஓடினால் காயிலில் இருந்த நீர் ஆவியாகி அறைக்கே திரும்பும். புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். புளோரிடாவைப்போலவே கடலோரமும் புழுக்கமும் கொண்ட சென்னையிலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும், 22 டிகிரியில் வைத்தும் உடல் பிசுபிசுக்கிறது என்ற குறை இப்படித்தான் வருகிறது. கேரியர் 1902இல் எதற்காகக் குழாய்களைக் குளிர்வித்தாரோ அந்த வேலை நடக்காமலே போகிறது.

நின்று ஓடுவதால் மின்சாரமும் வீணாகிறது. கிளம்பிய கம்ப்ரசர் முழு மின்சாரத்தை உடனே எடுக்கும். முழுக் குளிரைத் தரச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். இந்த இழப்பு அரசின் கணக்கில் ஏறியது 1970களின் இறுதியில். எண்ணெய் நெருக்கடியால் விழித்துக்கொண்ட அமெரிக்க எரிசக்தித் துறை, ஏசியை 6 நிமிடம் ஓட்டி 24 நிமிடம் நிறுத்திச் சோதிக்கும் முறையை வகுத்தது. அதுவரை நிற்காமல் ஓடும் நிலையில் மட்டுமே இயந்திரங்கள் ஒப்பிடப்பட்டன. எந்த வீட்டிலும் அவை அப்படி ஓடவில்லை.

அதே நெருக்கடி ஜப்பானில் வேறு விடையைத் தந்தது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதைத் திரும்பவும் வேண்டிய அதிர்வெண்ணில் மாறுமின்சாரமாக்கினால், மோட்டார் மின்கம்பத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இந்த இன்வெர்டரை டோஷிபா 1980இல் வணிகக் கட்டட ஏசியிலும், 1981இல் வீட்டு ஏசியிலும் வைத்தது. அறைக்குப் பாதிக் குளிர் போதுமென்றால் கம்ப்ரசர் மெதுவாக ஓடியது. பட்ஸின் அரைச் சுற்றால் போன படிநிலை கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்துத் திரும்பியது. டிரெபெலின் அடுப்பு அணையாமல் தணிந்து எரிந்ததைப்போல் கம்ப்ரசர் நிற்காமல் தணிந்து ஓடியது. கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும் அதிர்ச்சியும் போயிற்று. மோட்டார் மெல்ல வேகமெடுத்தது.

இந்தியச் சந்தையை இன்வெர்டர் பிடித்ததில் விதிகளுக்குப் பங்குண்டு. எரிசக்திச் சிக்கனப் பணியகம் 2006இல் ஏசிகளுக்கு நட்சத்திர முத்திரையைத் தொடங்கி, 2010இல் கட்டாயமாக்கியது. 2018 ஜனவரி முதல் முழுச் சுமையோடு பகுதிச் சுமையையும் சேர்த்து, ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்தை 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்தில் கணக்கிடும் முறை வந்தது. மெதுவாக ஓடத் தெரிந்த இயந்திரத்துக்கு அந்தக் கணக்கில் மதிப்பு கூடியது. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன.

இன்வெர்டர் வந்த வீட்டிலும் பழைய நோய் முற்றிலும் ஒழியவில்லை. எந்த இன்வெர்டருக்கும் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்திலும் அறைக்குத் தேவையானதைவிட அதிகக் குளிர் வந்தால் அது நின்றுதான் ஆக வேண்டும். பெரிய ஏசி, சிறிய அறை என்ற பொருத்தமின்மையை மின்னணுவியல் ஓரளவு மறைக்கிறது, போக்கவில்லை. பழுதான கெப்பாசிட்டரை அரை மணி நேரத்தில் மாற்றலாம், சென்சரை மாற்றலாம், ஃபில்டரைக் கழுவலாம், கசிவை அடைக்கலாம். மாட்டிய பிறகு மாற்ற முடியாதது டன் ஒன்றே. ஆகவே கடைக்குப் போகுமுன் அறையின் நீளம், அகலம், உயரம், மேலே மொட்டை மாடியா இல்லையா, மேற்குச் சுவரில் வெயில் எவ்வளவு, ஜன்னல் எத்தனை, படுப்பவர் எத்தனை பேர் என்பவற்றை எழுதிக்கொண்டு போய், இதற்கு எத்தனை டன் என்று கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.